ராஜ்தூத் 350-க்கு டிஸ்க் பிரேக் வந்த கதை

ராஜ்தூத் என்றதும் பால்காரர் கேன் கட்டிக்கொண்டு போகும் 175 சிசி வண்டிதான் பலருக்கு ஞாபகம் வரும். அதே பெயரில் 1983-ல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் இன்னொரு வண்டியை இறக்கியது. அதுதான் ராஜ்தூத் 350. பெயர்தான் ராஜ்தூத், உள்ளே இருந்தது ஜப்பானின் யமஹா ஆர்.டி.350. 347 சிசி, இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், ஆறு கியர். புல்லட்டும் யெஸ்டியும்தான் பெரிய வண்டி என்று இருந்த நம்மூர் ரோட்டில் இது வேறு ஜாதி.

ஆனால் ஜப்பானில் இருந்த வண்டி அப்படியே இங்கே வரவில்லை. யமஹா 1970-ல் விட்ட ஆர்5 என்ற மாடலுக்கு முன்சக்கரத்தில் டிரம் பிரேக். 1973-ல் அதன் அடுத்த மாடலாக ஆர்.டி.350 வந்தபோது டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க் போட்டார்கள். பத்து வருஷம் கழித்து அந்த வண்டி இந்தியாவுக்கு வந்தபோது டிஸ்க்கை எடுத்துவிட்டு மறுபடி டிரம்! அதே 1983-ல் ஐரோப்பாவில் வாட்டர் கூலிங்கும் முன்னால் இரண்டு டிஸ்க்கும் வைத்த ஆர்.டி.350 விற்றுக்கொண்டிருந்தது.

இன்ஜினிலும் கை வைத்தார்கள். ஜப்பான் வண்டியின் சக்தி 39 குதிரைத்திறன். இங்கே முதலில் வந்த 'ஹை டார்க்' வண்டிக்கு 30.5, அப்புறம் வந்த 'லோ டார்க்' வண்டிக்கு 27. காரணம் ரொம்ப சிம்பிள். வண்டி வாங்குகிறவர் முதலில் விலை கேட்பார், அடுத்து "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?" என்று கேட்பார். டிரம் போட்டால் முதல் கேள்விக்குப் பதில் கிடைக்கிறது, இன்ஜினை அடக்கினால் இரண்டாவது கேள்விக்கு. வியாபாரக் கணக்காகப் பார்த்தால் இதைத் தப்பு சொல்ல முடியாது. (அப்படியும் மைலேஜ் நன்றாக இல்லை என்பது வேறு கதை. 1984, 85-ல் இண்ட்-சுஸுகி, ஹீரோ ஹோண்டா, ஆர்.எக்ஸ்.100 என்று 100 சிசி வண்டிகள் வரிசையாக வந்ததும் 350-ஐ யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எண்பதுகளின் கடைசியோடு கதை முடிந்தது.)

பிரேக் விஷயத்தில்தான் கணக்கு இடித்தது. நியாயமாகச் சொன்னால் அந்த டிரம் மட்டமான டிரம் இல்லை. அப்போது புல்லட்டுக்கும் டிரம்தான். ஆனால் வேகம் இரண்டு மடங்கு ஆனால் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி நான்கு மடங்கு ஆகிறது. அது முழுவதும் சூடாகத்தான் மாறும். சூட்டில் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும், லைனிங்கும் பிடிப்பை இழக்கும். ஒரு தடவை பிடித்தால் நிற்கும், இறக்கத்தில் தொடர்ந்து நாலு தடவை பிடித்தால் லீவர் மட்டும்தான் கையோடு வரும். டிஸ்க் வெளியே காற்றில் சுற்றுவதால் சீக்கிரம் ஆறிவிடும். இன்னொன்று, புல்லட் மாதிரி ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் ஆக்ஸிலரேட்டரை விட்டாலே இன்ஜின் இழுத்துப் பிடிக்கும். டூ ஸ்ட்ரோக்கில் அந்தப் பிடிப்பு ரொம்பக் குறைவு. முழு பாரமும் பிரேக் தலையில். ஆர்.டி. என்ற இரண்டு எழுத்துக்கு 'ரேபிட் டெத்' என்று விரிவாக்கம் சொல்ல ஆரம்பித்தது சும்மா இல்லை.

சோழவரத்தில், பழைய விமான ஓடுதளத்தில் நடந்த ரேஸ்களில் இந்த வண்டி ஓடியது. ரேஸ்காரர்களுக்கு இன்ஜினில் அடைத்து வைத்த சக்தியைத் திறந்துவிடத் தெரியும். ஆனால் பிரேக்குக்கு எங்கே போவது? அன்றைக்கு உள்ளூரில் கிடைக்கிற மாதிரி டிஸ்க் சாமான் இல்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வசதி வேண்டும்.

இதற்கு விடை வந்தது வண்டி நின்று பத்து வருஷம் கழித்து. 1999-ல் ஹீரோ ஹோண்டா சிபிஇஸட், 2001-ல் பஜாஜ் பல்சர் என்று வர, டிஸ்க் பிரேக் சாதாரண மெக்கானிக் கடை வரைக்கும் இறங்கியது. விபத்தில் அடிபட்ட வண்டிகளின் சாமான்கள் புதுப்பேட்டையிலும் டெல்லி கரோல் பாக்கிலும் கிடைக்க ஆரம்பித்தன. பழைய 350 வைத்திருந்தவர்கள் அவற்றை வாங்கி மாட்டினார்கள். ஜப்பான் கொடுத்து எஸ்கார்ட்ஸ் எடுத்ததை, லேத் பட்டறை திருப்பிக் கொடுத்தது என்று சொல்லலாம்.

மாட்டுவதிலும் இரண்டு வழி. ஒன்று, ஃபோர்க், சக்கரம், காலிப்பர், மாஸ்டர் சிலிண்டர் எல்லாவற்றையும் புது வண்டியிலிருந்து முழு செட்டாக இறக்குவது. ஸ்டியரிங் தண்டின் அளவு ஒத்துவராது, லேத்தில் கடைந்து புஷ் போட வேண்டும். ஆர்.டி.க்கு 18 இன்ச் சக்கரம், பல புது வண்டிகளுக்கு 17. முன்பக்கம் தாழ்ந்தால் ஹேண்டில் சட்டென்று திரும்பும், வேகத்தில் போனால் ஆடும். 150 சிசி வண்டிக்காகச் செய்த ஃபோர்க், 350-இன் பிரேக் பாரத்தில் வளையவும் வாய்ப்பு உண்டு. இரண்டாவது வழி, பழைய ஃபோர்க்கையே வைத்துக்கொண்டு காலிப்பர் தாங்க ஒரு பட்டை வைப்பது. பிரேக் பிடிக்கும்போது அத்தனை விசையும் அந்தப் பட்டையில்தான். அலுமினியக் காலில் அரைகுறையாக வெல்டிங் வைத்திருந்தால் டிரம்மே தேவலாம்!

இன்னொரு மாற்றம் இக்னிஷன். இரண்டு சிலிண்டருக்கும் தனித்தனி பாயிண்ட். அது தேய்ந்து டைமிங் தவறினால் பிஸ்டனில் ஓட்டை விழும். அதனால் பலரும் புது வண்டிகளில் வருகிற மாதிரி சிடிஐ-க்கு மாறிவிட்டார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் முதலில் சொன்ன விவரத்துக்கும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரத்துக்கும் வித்தியாசம் வருகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. கண்டபடி மாற்றிய வண்டிகளை நினைத்தால் அது சரிதான். ஆனால் அதே 2019 ஏப்ரல் முதல், 125 சிசி-க்கு மேல் விற்கும் எல்லாப் புது பைக்குகளுக்கும் ஏபிஎஸ் கட்டாயம் ஆனது. புது 150 சிசி வண்டிக்கு டிஸ்க்கும் ஏபிஎஸ்ஸும் இல்லாமல் விற்க முடியாது, 350 சிசி ராஜ்தூத்துக்கு மட்டும் தயாரிப்பாளர் சொன்னது டிரம்!

இப்போது சந்தையும் டிரம் பக்கம் சாய்ந்துவிட்டது. ஆர்.டி. சேகரிக்கும் பொருளாகி, ஒரிஜினல் நிலையில் உள்ள வண்டிக்குத்தான் லட்சக்கணக்கில் விலை. டிஸ்க் மாட்டியதை 'ஸ்டாக் இல்லை' என்று குறைத்துக் கேட்கிறார்கள். அதனால் விவரம் தெரிந்தவர்கள் டிஸ்க் மாட்டும்போது கழற்றிய டிரம் சக்கரத்தைக் கடைக்குப் போடுவதில்லை. எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றிப் பரண் மேல் வைத்துவிடுகிறார்கள். ஓட்டுவது டிஸ்க்கில், விற்கும்போது டிரம்மில்.