சமூக ஊழியரும் பத்திரிகை உலகமும்

ஒரு தொழிலைப் பற்றி ஜனங்கள் கொண்டுள்ள எண்ணம் பெரும்பாலும் அத்தொழில் புரிவோரிடம் பழகியதனால் வந்ததன்று. பத்திரிகையிற் கண்டதனாலும் பிறர் சொல்லக் கேட்டதனாலும் வந்ததேயாகும். வைத்தியரையும் ஆசிரியரையும் நாம் நேரிற் காண்கிறோம். சமூக ஊழியரையோ துன்பம் வந்தவர் மட்டுமே காண்கின்றனர். அவர்களும் அதை வெளியிற் சொல்லக் கூசுகின்றனர். ஆகவே பத்திரிகை தீட்டிக் காட்டும் உருவமே நாட்டில் நிலைத்துவிடுகிறது. அவ்வுருவம் சிங்கப்பூரில் எவ்வாறு அமைந்தது, அதனால் நம்மவர்க்கு நேர்ந்த நஷ்டம் யாது என்பதைச் சரித்திர வாயிலாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜப்பானியர் ஆட்சி 1945இல் ஒழிந்தது, பசி ஒழியவில்லை. அரிசிப் பங்கீடும் கறுப்புச் சந்தையும் ஏழைகளை வாட்டின. அந்நிலையில் 1946 ஜூன் மாதம் சர்க்கார் சமூகநல இலாகாவை நிறுவி, பெர்சி மக்நீஸ் என்பாரை அதன் தலைவராக்கினர். அவ்வாண்டே மக்கள் உணவகங்கள் திறக்கப்பட்டன. ஒரு சாப்பாட்டின் விலை 35 காசு. 1947இல் ஏழைக் குழந்தைகளுக்கு இலவசமாக உணவளிக்கும் நிலையங்களும் தோன்றின. பல இனத்துப் பெண்மணிகள் சம்பளமின்றி அங்கு வந்து உழைத்தனர். கையில் அகப்பை, எதிரில் வற்றிய வயிறுடைய குழந்தை: பத்திரிகைக்கு இதைவிட எளிய படம் வேறு கிடைக்குமா? சமூக ஊழியரின் முதல் உருவம் இதுவே.

அப்படம் பொய்யென்று நாம் கூறவில்லை; அரைகுறையானது என்கிறோம். உணவிட வந்த பெண்மணிகள் உணவோடு நின்றாரில்லை. ஒரே வீட்டிலிருந்து இத்தனை குழந்தைகள் பசியோடு வருவதேன் என்று கேட்டனர். அக்கேள்வியின் பயனாக, நிலையம் ஒன்றை நடத்திவந்த கான்ஸ்டன்ஸ் கோ அம்மையாரும் அவர்தம் துணைவியரும் 1949இல் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கத்தைத் தோற்றுவித்தனர். பசியைத் தணிப்பது முதற்படி. பசியின் காரணத்தை அறிவது இரண்டாம் படி. அக்காரணத்தை நீக்க வழி காண்பது மூன்றாம் படி. பத்திரிகைகள் முதற்படியிலேயே நின்றுவிட்டன.

இக்குறை பத்திரிகைகளுக்கு மட்டும் உரியதன்று. மணிமேகலையை நினைத்தால் நம் மனத்தில் தோன்றுவது யாது? அமுதசுரபி ஒன்றே. அவள் மன்னனிடம் வேண்டிச் சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக மாற்றச் செய்தவள் என்பதை எத்தனை பேர் நினைக்கின்றனர்? பாத்திரம் கண்ணிற் படுகிறது, சீர்திருத்தம் படுவதில்லை.

இனி, இவ்வூழியம் தொழிலாக வளர்ந்த கதையைப் பார்ப்போம். 1949இல் சிங்கப்பூர் ஆஸ்பத்திரியில் ‘ஆல்மனர்’ எனப்படும் ஊழியர் பணி தொடங்கிற்று. நோயாளியின் வீட்டு நிலை என்ன, அவர் படுத்துவிட்டால் குடும்பத்தைக் காப்பவர் யார் என்று விசாரித்து ஆவன செய்வது அவர் கடமை. 1952இல் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் சமூக ஆய்வுத் துறையை ஏற்படுத்தி, இரண்டாண்டு டிப்ளோமாப் படிப்பைத் தொடங்கிற்று. பின்னாளில் நிதி மந்திரியாகப் புகழ் பெற்ற கோ கெங் சுவீ சமூகநல இலாகாவில் பணியாற்றியவர். நகரத்தாரின் வருமானத்தையும் குடியிருப்பையும் பற்றி அவர் 1953, 1954ஆம் ஆண்டுகளில் நடத்திய ஆராய்ச்சி 1956இல் நூலாயிற்று. இங்கிலாந்திலிருந்து 1950இல் இங்கு வந்த ஆன் வீ அம்மையார் பல்கலைக்கழகத்தில் பல தலைமுறை ஊழியரைப் பயிற்றி, 2019இல் காலமானார். 1971இல் சமூக ஊழியர் சங்கம் அமைந்தது. கற்கவேண்டிய கல்வியும் காக்கவேண்டிய ஒழுங்குமுறையும் உள்ள தொழில் இது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

இரண்டாவது உருவம் அச்சம் தருவது. மரியா ஹெர்டோக் வழக்கை முதியோர் அறிவர். டச்சுப் பெற்றோர்க்குப் பிறந்து, சே அமினா என்ற மலாய் மாதிடம் வளர்ந்த அச்சிறுமி, 1950 ஏப்ரலில் கோர்ட்டு உத்தரவின்படி சமூகநல இலாகாவின் யார்க் ஹில் இல்லத்தில் வைக்கப்பட்டாள். டிசம்பரில் அவளைப் பெற்ற தாயிடம் ஒப்படைக்கத் தீர்ப்பாகி, கன்னியர் மடமொன்றில் அவள் தங்கியிருந்தபோது, பத்திரிகையாளர் அங்கு சென்று அவளைப் படமெடுத்து வெளியிட்டனர். முஸ்லிம் மக்களின் மனம் கொதித்தது. டிசம்பர் 11ஆம் தேதி மூண்ட கலகத்தில் 18 பேர் மாண்டனர். 173 பேர் காயமுற்றனர். தம்மிடம் வந்தவரின் முகத்தையும் கதையையும் மறைத்துக் காப்பது சமூக ஊழியரின் முதல் தர்மம். அவற்றை வெளியிடுவது பத்திரிகையின் பிழைப்பு. இவ்விரண்டும் மோதியபோது நலிந்தவள் 13 வயதுச் சிறுமி. “வெல்பேர்காரர் வந்து பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்” என்று தாய்மார் அஞ்சிப் பேசுவதை இன்றும் தோட்டங்களில் நாம் கேட்கிறோம்.

மூன்றாவது உருவம் சந்தேகத்தினால் எழுந்தது. தேசியச் சிறுநீரக அறநிறுவனத்தின் தலைமை நிர்வாகி, தம் அலுவலகத்துத் தங்க முலாம் பூசிய குழாயைப் பற்றி எழுதிய பத்திரிகைமீது வழக்குத் தொடுத்து, 2005 ஜூலையில் விசாரணையின்போதே அதைக் கைவிட்டார். அவர் ஆண்டுக்குச் சுமார் 6 இலட்சம் வெள்ளி பெற்றது அப்போது வெளியாயிற்று. உண்மையை வெளிக்கொணர்ந்தது பத்திரிகையின் பெருமையே. ஆயினும் அவர் சமூக ஊழியரல்லர். வக்கீல் படிப்புப் படித்த நிர்வாகி. தொண்டு என்ற ஒரே சொல்லுக்குள் நிர்வாகி, நன்கொடையாளர், தொண்டூழியர், பயிற்சி பெற்ற ஊழியர் அனைவரையும் அடைத்து வைத்திருப்பதனால், ஒருவர் பழி எல்லாரையும் சாருகிறது. தொண்டென்றால் கூலி கேட்கலாகாது என்ற நினைப்பும் அதிலிருந்தே பிறக்கிறது.

நம்மவர் கூடும் சிராங்கூன் சாலை வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். டிரான்சியன்ட் வொர்க்கர்ஸ் கவுன்ட் டூ என்ற அமைப்பு 2008இல் கஃப் ரோட்டில் இலவச உணவளிக்கத் தொடங்கிற்று. உண்ண வந்தவர்கள் வேலையிற் காயமுற்றும் சம்பளம் கிட்டாமலும், வேலை அனுமதியை இழந்து முறையீட்டின் முடிவுக்குக் காத்திருந்தவர்கள். சோற்றுத் தட்டோடு அவர்களுடைய வழக்கும் கேட்கப்பட்டது. 2013 டிசம்பர் 8ஆம் தேதி ரேஸ் கோர்ஸ் ரோட்டில் தமிழகத் தொழிலாளி ஒருவர் பஸ்ஸின் கீழ் அகப்பட்டு மாண்டதும் கலகம் மூண்டது. மறுநாள் அந்த வட்டாரத்தை உலகப் பத்திரிகைகள் எல்லாம் அறிந்தன. ஐந்தாண்டுகளாக மாலைதோறும் அங்கு நடந்துவந்த வேலையை அறிந்தவர் எத்தனை பேர்?

இதனால் நஷ்டப்படுபவர் ஊழியர் மட்டுமல்லர். பிறப்புப் பத்திரமில்லாத பிள்ளை, அடிபடும் மனைவி, நஷ்டஈடு கேட்கத் தெரியாத தொழிலாளி ஆகியோர் யாரிடம் போவதென்று அறியாது நிற்கின்றனர். சமூக ஊழியர் அகப்பை பிடித்தவரென்று எண்ணினால் பிச்சையென்று மானமுள்ளவன் போகமாட்டான். பிள்ளை பிடிப்பவரென்று எண்ணினால் தாய் போகமாட்டாள். பணம் தின்பவரென்று எண்ணினால் ஒருவருமே போகார்.

ஆகவே பத்திரிகையாளரை நாம் வேண்டுவது இதுவே: தொண்டூழியரையும் தொழில்முறை ஊழியரையும் வேறுபடுத்தி எழுதுங்கள், உதவி பெறுபவரின் முகத்தை விலைபொருளாக்காதீர்கள், சோறிட்ட நாளை எழுதியதுபோல் வழக்குத் தீர்ந்த நாளையும் எழுதுங்கள். வாசகர்களும் அடுத்த முறை அகப்பைப் படத்தைக் காணும்போது, அதன் பின்னால் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருப்பவர் யாரென்று கேட்பார்களாக.