கல்வெட்டுகளில் அளவை மாற்றம்: ஆடவல்லான் மரக்கால் முதல் இன்றைய சரக்குக் கணக்கு வரை

முன்னுரை

பெங்களூருவின் பீன்யா தொழிற்பேட்டையிலுள்ள பட்டறைகளில் எஃகுக் கம்பி எடைக் கணக்கில் வாங்கப்படுகிறது; நீளக் கணக்கில் வெட்டப்படுகிறது; எண்ணிக்கைக் கணக்கில் உறுப்பாகி வெளியேறுகிறது. இம்மூன்று கணக்குகளையும் ஒன்றோடொன்று பொருத்துவது சரக்கிருப்பு, உற்பத்தி மேலாண்மை மென்பொருள்களின் தலையாய பணியாகும். இத்தேவை கணிப்பொறியோடு பிறந்ததன்று. சோழர் காலக் கோயிற் பண்டாரங்கள் இதே சிக்கலை எதிர்கொண்டு தீர்வும் கண்டிருந்தன என்பதையும், அத்தீர்வு இன்றைய வரலாற்றாய்வுக்கு உணர்த்துவது யாது என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்க முற்படுகிறது.

மாறா உறவுகள்

சோழர் முகத்தலளவையில் 5 செவிடு 1 ஆழாக்கு. 2 ஆழாக்கு 1 உழக்கு. 2 உழக்கு 1 உரி. 2 உரி 1 நாழி. 8 நாழி 1 குறுணி. 2 குறுணி 1 பதக்கு. 2 பதக்கு 1 தூணி. 3 தூணி 1 கலம். எனவே கலம் ஒன்றுக்கு 12 குறுணி, அதாவது 96 நாழி. அளக்கப்படுவது நெல்லாயினும் பயறாயினும் இவ்வாய்பாடு மாறுவதில்லை. மென்பொருளிலும் இத்தகைய உறவுகள் ஒருமுறை பதிந்தாற் போதும்.

பொருள்சார் உறவுகள்

சிக்கல் தோன்றுவது பொருள் மாறும் இடத்திலாகும். கோயிலுக்கு வருவது நெல். அமுதுபடிக்கு வேண்டுவது அரிசி. இதற்குக் கல்வெட்டுகள் ‘ஐஞ்சிரண்டு வண்ணம்’ என்னும் விகிதத்தை ஆள்கின்றன. ஐந்து பங்கு நெல்லுக்கு இரண்டு பங்கு அரிசி என்பது இதன் பொருள். நானாழி அரிசி வேண்டின் பத்து நாழி நெல், அதாவது குறுணி இருநாழி, அளக்க வேண்டும். இது வெறும் அளவை மாற்றமன்று. குற்றுதலில் நேரும் குறைவையும் உட்கொண்ட உற்பத்திக் கணக்காகும்.

தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளில் விளக்கெரிக்கும் அறத்துக்கு 96 ஆடு, 48 பசு, 16 எருமை ஆகியவை ஒன்றுக்கொன்று ஈடாகக் கொள்ளப்பட்டன. விளக்கொன்றுக்கு நாள்தோறும் உழக்கு நெய் அளக்கப்பட்டது. காசொன்றுக்கு ஆண்டு வட்டி முக்குறுணி நெல் என ஓரிடத்திலும், அரைக்கால் காசு என வேறிடத்திலும் குறிக்கப்படுகிறது. காசொன்றுக்கு இருகலம் நெல் என்னும் விலையைக் கொண்டு நோக்கின், 24 குறுணியில் 3 குறுணி சரியாக அரைக்காலே. நெற்கணக்கும் காசுக்கணக்கும் பிழையின்றிப் பொருந்துதல் ஈண்டு நோக்கத்தக்கது.

அளவுகருவியின் பெயர்

இவற்றினும் இன்றியமையாதது, எந்தக் கருவியால் அளக்கப்பட்டது என்னும் குறிப்பாகும். தஞ்சைக் கல்வெட்டுகள் ‘நெல்’ என்று மட்டும் கூறி அமைவதில்லை. இராசகேசரியோடு ஒக்கும் ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்தது என்கின்றன. பொன்னுக்கு ஆடவல்லான் என்னும் கல்லும், மணிகள் பதித்த அணிகளுக்குத் தட்சிணமேருவிடங்கன் என்னும் கல்லும் தனித்தனியே குறிக்கப்படுகின்றன. பிற்காலச் சோழர் கல்வெட்டுகளில் அருமொழிதேவன் என்னும் மரக்கால் வழங்குகிறது. மரக்காலின் கொள்ளளவு சிறிது கூடினும், கலக்கணக்கு மாறாமலே குடிகள் செலுத்தும் நெல் கூடிவிடும். ஆதலின் கருவியின் பெயர் அணிச்சொல்லன்று; குடிகளுக்கும் பண்டாரத்துக்கும் இடையே நின்ற உறுதிமொழி எனலாம்.

கன்னட நாட்டு வழக்கு

சோழர் ஆட்சியில் நிகரிலிசோழமண்டலம் எனப்பட்ட கோலார், பெங்களூருப் பகுதிகளில் தமிழ்க் கல்வெட்டுகள் மிகுதியாக உள்ளன. பி. எல். ரைஸ் 1905இல் எபிகிராபியா கர்நாடிகாவின் 9, 10ஆம் தொகுதிகளில் இவற்றை வெளியிட்டார். இன்று நகரின் உட்பகுதியாகிவிட்ட டொம்லூரின் சொக்கநாதர் கோயிலிலும் தமிழ்க் கல்வெட்டுகளைக் காணலாம். இப்பகுதி ஆவணங்களைப் பயில்வோர் இருவேறு அளவை மரபுகளை எதிர்கொள்கின்றனர். தமிழகத்தில் 20 மா 1 வேலி; கன்னட நாட்டில் 20 கொளகம் 1 கண்டுகம். எண் ஒன்றே, இயல்பு வேறு. வேலி பரப்பளவை. கண்டுகமோ தானிய அளவை. நிலத்துக்கு வழங்கும்போது அது விதைப்பாட்டைக் குறிக்கும். விதைப்பாடு மண்ணுக்கும் நீருக்கும் ஏற்ப வேறுபடுமாதலின், கண்டுக நிலத்தை ஏக்கராக்க ஒரே வாய்பாடு அமையாது.

முடிவுரை

இந்தியாவில் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி மெட்ரிக் முறை வந்தபின் அலகுகள் ஒருமை பெற்றன. பொருள்சார் மாற்றத்தின் இடர் நீங்கவில்லை. 1983இல் கனடாவில் ஒரு பயணிகள் விமானம் நடுவானில் எரிபொருள் தீர்ந்து இறங்கியது. லிட்டரைக் கிலோகிராமாக மாற்ற வேண்டிய இடத்தில் பவுண்டுக்குரிய எண்ணைப் பயன்படுத்தியதே காரணம். எண் இருந்தது, அஃது எந்த அளவைக்குரியது என்னும் பெயர் விடுபட்டது.

நம் ஆய்வுகளிலும் இப்பிழை நேர்கிறது. வெவ்வேறு நூற்றாண்டுக் கலங்களை ஒரே கிலோகிராம் எண்ணால் பெருக்கி வரிச்சுமையை ஒப்பிடுவது, மரக்காலின் வேறுபாட்டையும் தானியத்தின் எடை வேறுபாட்டையும் ஒருசேர மறைத்துவிடுகிறது. கல்வெட்டுத் தரவுகளைக் கணிப்பொறியில் தொகுக்கும் இந்நாளில் மூல அளவு, அளவுகருவியின் பெயர், அளக்கப்பட்ட பொருள் ஆகிய மூன்றையும் தனித்தனியே பதிதல் வேண்டும்; மாற்றிய எண் அவற்றுக்குப் பின்னரே இடம்பெறல் தகும். கல்லில் வெட்டியோர் இடம் அருமையென்று கருதி மரக்காலின் பெயரை விட்டுவிடவில்லை. இடத்துக்குக் குறைவில்லாத நாம் அதனை விடுதல் முறையன்று.