ஆயில் மாற்ற நினைவூட்டு விளக்கு

இன்ஜின் ஆயிலை மாற்ற வேண்டிய தவணை நெருங்கிவிட்டதை ஓட்டுநருக்குத் தெரிவிக்க, காரின் டேஷ்போர்டில் எரியும் விளக்கு அல்லது தோன்றும் செய்தி. சில கார்களில் ஸ்பேனர் படம் வரும். சிலவற்றில் ஆயிலின் மீதி ஆயுள் சதவீதமாகக் காட்டப்படும். நிறம் பெரும்பாலும் மஞ்சள். எந்த வடிவில் வந்தாலும் அது ஒரு கணக்கின் விடைதான். பெரும்பாலான கார்களில் ஆயிலின் தரத்தை நேரடியாகச் சோதிக்கும் கருவி ஏதும் இல்லை. வண்டி எப்படி ஓடியது என்பதை வைத்து, ஆயில் எவ்வளவு தேய்ந்திருக்கும் என்று கணினி மதிப்பிடுகிறது. இதை மனத்தில் கொண்டால்தான் இந்த விளக்கை எவ்வளவு நம்பலாம் என்பது விளங்கும்.

சிவப்பு விளக்கு வேறு

நுனியில் சொட்டு விழும் எண்ணெய்க் கேன் சிவப்பாக எரிந்தால், அது நினைவூட்டல் அல்ல, ஆயில் அழுத்த எச்சரிக்கை. இன்ஜினின் ஆயில் பாதையில் உள்ள சுவிட்ச், அழுத்தம் ஆபத்தான அளவுக்குக் குறைந்ததும் அதை எரியவிடும். சாவியைத் திருப்பியதும் எரிந்து, இன்ஜின் ஓடத் தொடங்கிய சில நொடிகளில் அணைவது இயல்பு. ஓட்டத்தின் நடுவே எரிந்தால் பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி இன்ஜினை உடனே நிறுத்த வேண்டும். ஆயில் அழுத்தம் இல்லாமல் ஓடும் இன்ஜினில் பேரிங்குகள் சில நிமிடங்களிலேயே பாழாகிவிடக்கூடும். மஞ்சள் நினைவூட்டலுக்கு அந்த அவசரம் கிடையாது. ஜெனரல் மோட்டார்ஸ் கையேடுகள், செய்தி வந்தபின் அடுத்த 1,000 கி.மீ.க்குள் ஆயிலை மாற்றச் சொல்கின்றன. இரண்டையும் ஒன்றென நினைத்து, சிவப்பு எரியும்போது ‘சர்வீஸுக்கு அடுத்த வாரம் விடலாம்’ என்று ஓட்டிச் செல்வது இன்ஜினையே காவு வாங்கும்.

கணக்கு எப்படி நடக்கிறது

எளிய முறை, தூரத்தை மட்டும் எண்ணுவது. டொயோட்டா அமெரிக்காவில் விற்ற பல கார்களில், கடைசியாகக் கணக்கைத் தொடங்கியதிலிருந்து 4,500 மைல் (சுமார் 7,200 கி.மீ.) ஆனதும் விளக்கு தலைகாட்டும், 5,000 மைலைத் தாண்டினால் அணையாமல் எரியும். வண்டி நெடுஞ்சாலையில் சீராக ஓடியதா, நெரிசலில் ஊர்ந்ததா என்பது அதற்குத் தெரியாது.

அந்த வேறுபாடு பெரிது. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 முறை சுழல்கிறது என்று கொள்வோம். ஒரு கிலோமீட்டருக்கு 1,500 சுழற்சி ஆகிறது. அதே இன்ஜின் சிக்னலில் ஐட்லிங்கில் 800 சுற்றில் நின்றால், ஒரு மணி நேரத்தில் 48,000 சுழற்சி. ஓடோமீட்டர் அசையாமலேயே 32 கி.மீ. ஓடிய அளவுக்கு ஆயில் உழைத்திருக்கிறது.

இதைக் கணக்கில் கொண்டுவந்த முறைகள் 1980களில் வந்தன. பி.எம்.டபிள்யூ. அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில், டேஷ்போர்டில் பச்சை விளக்குகளை வரிசையாக வைத்தது. அவை ஒவ்வொன்றாக அணைந்து மஞ்சள் வந்தால் சர்வீஸ் நேரம். சிவப்பு வந்தால் தவணை தாண்டிவிட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் ஷெர்லி ஷ்வார்ட்ஸ், டொனால்ட் ஸ்மோலென்ஸ்கி ஆகியோர் தாங்கள் உருவாக்கிய முறையை 1987இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். புது ஆயிலுக்கு இத்தனை சுழற்சி என்று ஓர் இருப்பு வைக்கப்படும். இன்ஜின் சுழலச் சுழல அது கழியும். ஆயில் மிதமான சூட்டில் இருக்கும்போது கழிவு குறைவு. மிகையாகச் சூடேறினாலும், சூடேறாமல் குளிர்ந்தே இருந்தாலும் அதிகம். சுழற்சியும் வெப்பநிலையும் கணினியிடம் ஏற்கெனவே இருந்தவை. புதிதாக ஒரு சென்சார் கூடத் தேவைப்படவில்லை. இந்த எளிமைதான் அந்த முறையின் அழகு.

அதிக வெப்பம் ஆயிலைக் கெடுப்பது எளிதில் விளங்கும்: ஆக்சிஜனோடு சேர்ந்து ஆயில் தடித்துப்போகிறது. குளிர்ச்சி ஏன் கெடுக்கிறது? ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடும். ஆனால் பிஸ்டன் ரிங்குகளைக் கடந்து கீழே இறங்கும் சிறு பங்கு, எரியாத பெட்ரோலோடு ஆயிலில் கலக்கிறது. நீண்ட பயணத்தில் ஆயில் நன்றாகச் சூடேறி இவற்றை ஆவியாக்கி வெளியேற்றும். தெருமுனைக் கடைவரை போய்த் திரும்பும் காரில் அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. நீரும் அதோடு சேர்ந்து உருவாகும் அமிலமும் தங்கி, ஆயிலில் கலந்துள்ள அமில முறிப்பு வேதிப்பொருள்களைத் தின்று தீர்க்கின்றன. நாளடைவில் கசடு படிகிறது. ‘வண்டி அதிகம் ஓடவில்லையே’ என்பது ஆயிலைப் பொறுத்தவரை நல்ல சாட்சியம் அல்ல. அதனால்தான் கையேடுகள் தூரத்தோடு காலத்தையும் சேர்த்து வரம்பு வைக்கின்றன. இந்தியாவில் பல பெட்ரோல் கார்களுக்கு 10,000 கி.மீ. அல்லது ஓராண்டு, எது முந்தியோ அது. புழுதி, குறுந்தூரப் பயணம், நெரிசலில் நீண்ட ஐட்லிங் ஆகியவற்றைக் கையேடுகள் ‘கடின நிலை’ என்று வகைப்படுத்தித் தவணையைச் சுருக்குகின்றன. நம் நகரங்களில் ஓடும் கார்களுக்குப் பெரும்பாலும் பொருந்துவது அந்தச் சுருக்கிய தவணைதான்.

சதவீதமாகக் காட்டும் ஹோண்டாவின் முறையில் ஆயிலின் ஆயுள் 15 சதவீதத்துக்கு இறங்கியதும் முதல் அறிவிப்பு வரும். 5 சதவீதத்தில் உடனே செய்யச் சொல்லும். டீசல் கார்களில் புகைக்கரி வடிகட்டியைச் சுத்தப்படுத்த அவ்வப்போது கூடுதல் டீசல் பீய்ச்சப்படுவதால், ஆயிலில் டீசல் கலப்பதையும் கணக்கு பார்க்க வேண்டியிருக்கிறது. மெர்சிடிஸ் போன்ற சில நிறுவனங்கள் ஆயிலின் மின்தன்மையை அளக்கும் சென்சாரையே சில மாடல்களில் பொருத்தின.

விளக்குக்குத் தெரியாதவை

முதலாவது, ஆயிலின் அளவு. சதவீதக் காட்சியில் 60 என்று இருந்தால் இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியில் (சம்ப்) ஆயில் போதுமான அளவு இருக்கிறது என்று பொருள் அல்ல. 1,000 கி.மீ.க்கு அரை லிட்டர் ஆயில் எரிவதைச் சில கையேடுகள் இயல்பு என்றே ஏற்கின்றன. அப்படிக் குடிக்கும் இன்ஜின் 10,000 கி.மீ. தவணைக்குள் 5 லிட்டரைத் தீர்க்கும். சிறிய கார் பலவற்றின் மொத்தக் கொள்ளளவே அதைவிடக் குறைவு. ஆயில் அளவைக் காட்டும் டிப்ஸ்டிக் கம்பியில் மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் இடையே இருப்பது பொதுவாக ஏறத்தாழ ஒரு லிட்டர்தான். ஆகவே மாதம் ஒருமுறை, சமதளத்தில், இன்ஜினை நிறுத்திச் சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பார்ப்பதற்கு மாற்று எதுவும் இல்லை.

இரண்டாவது, எந்த ஆயில் ஊற்றப்பட்டது என்பது. கையேடு சொல்லும் கிரேடும் தரமும் உள்ள ஆயில்தான் உள்ளே இருக்கிறது என்ற அனுமானத்தில் கணக்கு ஓடுகிறது. மலிவான மாற்று ஆயில் முன்னதாகவே கெட்டாலும் சதவீதம் மெதுவாகத்தான் இறங்கும்.

மூன்றாவது, ஆயில் உண்மையில் மாற்றப்பட்டதா என்பது. கணக்கை மறுபடி தொடக்கத்துக்குக் கொண்டுவரும் ரீசெட் வேலையை மெக்கானிக்கோ ஓட்டுநரோ கையால் செய்ய வேண்டும். பல ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில், இன்ஜினை ஓடவிடாமல் இக்னிஷனை மட்டும் போட்டு, 5 நொடிக்குள் ஆக்சிலரேட்டரை மூன்று முறை முழுக்க மிதித்து விட்டால் போதும். ஆயில் மாற்றியபின் ரீசெட் செய்ய மறந்தால் விளக்கு சீக்கிரமே எரியும். நஷ்டம் பணத்தோடு போகும். மாற்றாமல் ரீசெட் செய்தால், கெட்ட ஆயிலைப் புது ஆயிலாக எண்ணி அடுத்த தவணை முழுவதும் விளக்கு மௌனமாக இருக்கும். பழைய கார் வாங்குவோர் டேஷ்போர்டில் 90 சதவீதம் என்று கண்டு மகிழ்வதைவிட, சர்வீஸ் பில்லில் உள்ள தேதியையும் கிலோமீட்டரையும் கேட்டு வாங்கி ஓடோமீட்டரோடு ஒப்பிட வேண்டும். பில் இல்லையென்றால் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, அன்றே ரீசெட் செய்து, அங்கிருந்து கணக்கைத் தொடங்குவது நல்லது.