இரவுப் பணியாளரின் பகல் உறக்கம்

இரவில் விழித்து வேலை செய்து பகலில் உறங்கும் வழக்கம் காவலருக்கும் மீனவருக்கும் பழையது. அதைப் பெருங்கூட்டத்தின் வாழ்வாக்கியவை இங்கிலாந்தின் பருத்தி ஆலைகள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே சிறுவர்கள் பகல், இரவு என இரு பிரிவாக வேலை செய்தனர். ஒரு பிரிவு எழுந்த படுக்கையில் மறு பிரிவு படுத்தது. படுக்கைகள் சூடு ஆறுவதே இல்லை என்று லங்காஷயர் மக்கள் சொல்லிவந்ததை, ஆலை முதலாளியான ஜான் ஃபீல்டன் 1836இல் எழுதிவைத்தார். ஆலையில் தொழில் பழகிய சிறுவரின் இரவு வேலையைப் படிப்படியாக நிறுத்த 1802ஆம் ஆண்டுச் சட்டம் ஆணையிட்டது. பெரியவர்களை அது தொடவில்லை.

பகலில் தூக்கம் கலைவதற்குச் சத்தம் மட்டும் காரணமன்று. 1938இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் நதானியேல் கிளைட்மன், மாணவர் புரூஸ் ரிச்சர்ட்சனுடன் கென்டக்கியின் மாமத் குகையில் 32 நாள் தங்கினார். நாளொன்றுக்கு 28 மணி நேரம் என்று வகுத்துக்கொண்டனர். மாணவரின் உடல் வெப்பம் இக்கணக்குக்குப் பழகியது. நாற்பதைக் கடந்த ஆசிரியரின் உடலோ, சூரியனே தெரியாத இடத்திலும், 24 மணி நேரத்தை விடவில்லை. (இத்தேர்வில் தேறியவர் மாணவர்தான்.)

அந்த உடற்கடிகாரத்தை ஒளியால் நகர்த்தலாம் என்று 1990இல் அமெரிக்காவில் சார்லஸ் செய்ஸ்லர் குழு காட்டியது. இரவில் மிகப் பிரகாசமான விளக்கொளியில் வேலை, காலை 9 முதல் மாலை 5 வரை முழு இருட்டறை. இப்படிச் சில நாள் இருந்தவர்கள் மற்றவர்களைவிடப் பகலில் சுமார் 2 மணி நேரம் கூடுதலாக உறங்கினர். பணி முடிந்து திரும்புவோர் காலை வெயிலில் கறுப்புக் கண்ணாடி அணிவதும், சன்னலுக்குக் கனத்த திரை இடுவதும் இதனால்தான். சமையலும் பிள்ளைகளும் ஓரறைக்குள்ளேயே இருக்கும் வீட்டில் அந்த இருட்டு எளிதில் வாய்ப்பதில்லை.