கரண்டியின் பின்பக்கம்

அம்மம்மாட்ட ஆறு வெள்ளிக் கரண்டி இருந்தது. 2008 கடைசியில் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிடேக்க அஞ்சைக் கிணத்தடியில தாட்டிட்டா. ஒண்டு மட்டும் சீலைப் பொட்டலத்துக்குள்ள மாத்தளன் வரைக்கும் வந்தது.

அதன் பின்பக்கத்தில் ஈ.பி.என்.எஸ். என்ற முத்திரை. நிக்கல் வெள்ளியின் மேல் மின்முலாம் பூசியது என்று அர்த்தம். பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாது. நிக்கல் வெள்ளியில் வெள்ளியே இல்லை. செம்பு, நிக்கல், நாகம் கலந்த உலோகம் அது. மேலே இருப்பது மட்டும்தான் உண்மையான வெள்ளி, மெல்லிய படலம். பர்மிங்காமின் எல்கிங்டன் குடும்பத்தார் 1840 இல் இந்த முறைக்குக் காப்புரிமை எடுத்தார்கள். முழு வெள்ளி வாங்க முடியாத நடுத்தர வீடுகளுக்கும் மினுங்கும் கரண்டிகள் வந்தன. பிரித்தானியர் ஆண்ட நாடுகளுக்கும் கப்பலேறின.

சேகரிப்பாளர்கள் முதலில் முத்திரையைப் பார்ப்பார்கள், பிறகு முலாம் எவ்வளவு மிச்சம் என்று. எங்கட கரண்டி இரண்டாவதில் தோற்றுப்போகும். நல்லநாள் பெருநாளுக்கெல்லாம் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து, நுனியில் மங்கல் மஞ்சள் தெரியுது.

திரும்பி வந்து கிணத்தடியைக் கிண்டினம். அஞ்சும் இல்லை. பிறகு பழைய இரும்பு வாங்க வந்தவர் மிஞ்சினதைப் பார்த்து, "இது வெள்ளியில்லை அம்மா, பித்தளை விலைதான்" என்றார்.

"வெள்ளியில்லாட்டி என்ன" எண்டு அம்மம்மா அதை வாங்கித் தேத்தண்ணிக்குச் சீனி கலக்கினா.