திரூரில் கிளம்பிய நெல்

ஐ.ஆர். 20 அரிசியை அறியாத தமிழ் வீடு இருக்காது. இட்லிக்கு ஊறவைக்கிறது, புழுங்கல் சோறு வடிக்கிறது என்று ஐம்பது வருஷமா நம்ம அடுப்படியில் இருக்கிற அரிசி. எங்கே பிறந்ததுன்னு கேட்டா, விவரம் தெரிஞ்சவங்க "பிலிப்பைன்ஸ் நெல்லுங்க" என்பாங்க. மணிலாவுக்குப் பக்கத்தில் லாஸ் பான்யோஸ் என்ற ஊரில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1969-ல் வெளியிட்ட ரகம் அது. அதுவரைக்கும் சரிதான். ஆனா அந்த நெல்லுக்கு அப்பன் ஊர் நம்ம ஆவடிக்கு மேற்கே, ரயிலில் அரை மணி நேரத்துக்குள்ள போயிடக்கூடிய தூரத்தில் இருக்கு.

சென்ட்ரலில் திருவள்ளூர் லோக்கல் ஏறுங்க. அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர், வேப்பம்பட்டு தாண்டினா செவ்வாப்பேட்டை ரோடு. அதை ஒட்டி இருக்கிற திரூரில் 1942-லிருந்து ஒரு நெல் ஆராய்ச்சி நிலையம் நடக்குது. இன்னைக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கையில் இருக்கு. அந்த இடத்துக்குத் திரூர்க்குப்பம் என்று பெயர். அதைச் சுருக்கித்தான் அங்கே உருவாகும் ரகங்களுக்கெல்லாம் டி.கே.எம். என்ற முன்னெழுத்து. எங்க பக்கம் நெல்லு போடுற வயசானவங்க யாரிடம் கேட்டாலும் "டிக்கேயம்" என்று ஒரே சொல்லாகத்தான் சொல்லுவாங்க.

இங்கே ஏன் ஒரு நிலையம்? காவிரி மாதிரி ஆறு எங்களுக்குக் கிடையாது. அப்போ இது செங்கல்பட்டு ஜில்லா, ஏரிப் பாசன பூமி. மழை பெஞ்சு ஏரி நிரம்பினா சம்பா, ஏரியில் மிச்சம் இருந்தா நவரை, கிணறு கைகொடுத்தா சித்திரையில் சொர்ணவாரி. தஞ்சாவூருக்கு ஒத்து வர்ற ஆறு மாச நெல் இங்கே பாதி வருஷம் சரிப்படாது. சீக்கிரம் விளையணும், தண்ணி குறைஞ்சாலும் தாங்கணும், அரிசி பட்டணத்துக்காரனுக்குப் பிடிக்கணும். இந்த மூணும் வேணும்.

1952-ல் அவங்க வெளியிட்ட டி.கே.எம். 6 அப்படி வந்த நெல். நாலு மாசத்துக்குள்ள அறுப்புக்கு வரும், அரிசி வெள்ளையா சன்னமா இருக்கும். அதன் பெற்றோர் ஜி.இ.பி. 24, கோ. 18 என்ற இரண்டு கோயம்புத்தூர் ரகங்கள். இந்த ஜி.இ.பி. 24-ஐப் பத்திக் கொஞ்சம் நின்னு பேசணும்.

கோயம்புத்தூரில் நெல் ஆராய்ச்சி 1912-ல் தொடங்கியது. அதை நடத்தியவர் பார்னெல் என்ற வெள்ளைக்கார அதிகாரி. அவர் பதவியின் பெயர் 'கவர்ன்மென்ட் எகனாமிக் பாட்டனிஸ்ட்'. அந்தப் பதவியின் மூன்று முதலெழுத்துகள்தான் ஜி.இ.பி. கோனாமணி என்ற நாட்டு நெல் நின்ற இடத்தில் தன்னால் மாறி முளைத்த ஒரு செடியைப் பிரித்தெடுத்து, பெருக்கி, 1921-ல் விவசாயிகளுக்குக் கொடுத்தாங்க. விவசாயிக்கு எழுத்தும் எண்ணும் வாயில் நுழையுமா? கிச்சிலி சம்பா என்று கூப்பிட்டான்.

சென்னை ஆர்கானிக் கடைகளில் இன்னைக்குக் 'கிச்சிலி சம்பா, பாரம்பரிய அரிசி' என்ற லேபிளைப் பார்த்திருப்பீங்க. தப்புன்னு சொல்லல. நூறு வருஷம் ஒரு மண்ணில் விளைஞ்சா அது பாரம்பரியம்தான். ஆனா அந்தப் பெயரில் ஊரெல்லாம் பரவின நெல், சர்க்கார் ஆபீசர் ஒருத்தர் பதவிப் பெயரைத் தாங்கிய நெல். பாரம்பரியம் ஒரு பக்கம், ஆராய்ச்சி ஒரு பக்கம் என்று நடுவில் கோடு போட்டுப் பேசுறவங்களுக்கு இந்த ஒரு நெல்லே போதும். உழவன் வயலில் இருந்து நிலையத்துக்குப் போச்சு, நிலையத்தில் இருந்து வயலுக்கு வந்துச்சு, வயல் அதுக்குத் தன் பெயரை வெச்சுக்கிச்சு.

இப்போ லாஸ் பான்யோஸ் கதை. அந்த நிலையம் 1960-ல் ஆரம்பிச்சது. 1966-ல் ஐ.ஆர். 8 வெளிவந்தது. குட்டையான பயிர், உரம் போட்டா சாயாது, மகசூல் அள்ளிக் கொட்டும். ஆனா அரிசி மொத்தம். ஆறினா சோறு கட்டியாகிவிடும். பாக்டீரியா இலைக்கருகல் நோய்க்கும் அது தாக்குப் பிடிக்கவில்லை. இன்னொரு பக்கம் தண்டுத் துளைப்பான். குருத்தைக் கடிச்சு நடுக்குருத்து காயும், கதிர் வந்த பிறகு கடிச்சா மணி பிடிக்காம வெள்ளையாக நிக்கும். எம்.டி. பதக் என்ற இந்தியப் பூச்சியியலாளர் அங்கே உட்கார்ந்து, உலகம் முழுக்கவிருந்து வந்த ஆயிரக்கணக்கான நெல் ரகங்களைப் பூச்சிக்குக் காட்டிப் பார்த்தார். எது தாங்குது, எது தாங்கலன்னு. தாங்கிய மிகச் சிலவற்றில் ஒன்று திரூரின் டி.கே.எம். 6. பூச்சி மட்டும் இல்ல, இலைக்கருகலை எதிர்க்கும் ஒரு மரபணுவும் அதுக்குள்ள இருந்தது. விஞ்ஞானிகள் அதை எக்ஸ்.ஏ. 4 என்று குறிக்கிறாங்க.

டி.கே.எம். 6 உயரமான பயிர், உரம் தாங்காது. அதனால லாஸ் பான்யோஸின் குட்டைப் பயிர் ஒன்றோடு அதைக் கலந்தாங்க. பிறந்தது ஐ.ஆர். 20. வங்கதேசத்திலும் தமிழ்நாட்டிலும் பரவிச்சு. புகையான் பூச்சி அதை அடிச்சபோது ஐ.ஆர். 26 வந்தது. அதற்கும் ஒரு பெற்றோர் டி.கே.எம். 6 தான். அதையும் புகையான் ஜெயிச்சபோது குர்தேவ் குஷ் உருவாக்கிய ஐ.ஆர். 36 வந்தது, 1976-ல். உத்தரப் பிரதேசத்தில் தானா விளைஞ்ச ஒரு காட்டு நெல்லின் ரத்தம் அதில் உண்டு, திரூரின் ரத்தமும் உண்டு. 1980-களின் தொடக்கத்தில் அது உலகில் 1 கோடி ஹெக்டேருக்கு மேல் நின்னுது. அதுக்கு முன்னாடி எந்த ஒரு நெல் ரகமும் அவ்வளவு பரப்பில் விளைஞ்சதில்லை.

அந்தச் சமயத்தில் நம்ம பக்கத்தில் என்ன நடந்தது? 1964-ல் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட். 1965-ல் ஆவடி ஃபேக்டரியிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி. ஏரி ஆயக்கட்டு நிலங்கள் ஒவ்வொன்றாக ஷெட்டாகவும் குவார்ட்டர்ஸாகவும் மாறின. அதே வருஷங்களில் அரிசிப் பஞ்சம். 1967 தேர்தலில் தி.மு.க. ரூபாய்க்கு மூணு படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று சொல்லி ஜெயித்தது உங்க வீட்டுப் பெரியவங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதாவது ஃபேக்டரிக்கு நிலத்தைக் கொடுத்த இந்தப் பகுதியேதான், ஃபேக்டரி ஆளுக்குச் சோறு போடும் நெல்லின் விதையையும் கொடுத்தது. அந்த ஷிப்ட்டு டிபன் பாக்ஸில் திரூர் இருந்ததை யாரும் கவனிக்கல. அம்பத்தூரில் குடியிருக்கிறவங்ககிட்ட சொன்னா இன்னைக்கும் நம்ப மாட்டேங்கிறாங்க.

மகசூலும் பூச்சியும் மட்டும் பேசினா பாதிக் கதை. அந்த மணிக்குள்ள என்ன இருக்குன்னு கேட்டவங்க குன்னூரில் இருந்தாங்க. ராபர்ட் மெக்கரிசன் என்ற டாக்டர் 1920-களில் அங்கே எலிகளுக்கு இந்தியாவின் ஒவ்வொரு பகுதிச் சாப்பாட்டையும் போட்டுப் பார்த்தார். பஞ்சாப் சீக்கியர் சாப்பாட்டுக்கு முதல் இடம், மதராஸ்காரன் சோற்றுக்குக் கடைசி இடம். கோபம் வேண்டாம், தீட்டின வெள்ளை அரிசியும், பால், பருப்பு, காய் குறைந்த தட்டும்தான் காரணம். 1926-ல் மெக்கரிசனும், கோயம்புத்தூரில் அரசு வேளாண் வேதியியலாளராக இருந்த பி. விஸ்வநாத்தும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினாங்க. மாட்டு எரு போட்ட நிலத்தின் சிறுதானியத்தில், ரசாயன உரம் போட்ட நிலத்தின் தானியத்தைவிட ஊட்டம் அதிகம் என்றாங்க. இயற்கை விவசாயம் பேசுறவங்க இன்னைக்கு வரை அதை எடுத்துக் காட்டுறாங்க. ஒரு சோதனையை வெச்சு எல்லாப் பயிருக்கும் தீர்ப்பு எழுதிட முடியாது என்பது என் எண்ணம். ஆனா வயல்காரரும் டாக்டரும் ஒரே மேஜையில் உட்கார்ந்த அந்தப் பழக்கம் பின்னாடி அறுந்துபோனதுதான் நஷ்டம். குன்னூர் ஆய்வகம் 1958-ல் ஹைதராபாத்துக்குப் போச்சு. நெல் நிலையங்கள் மகசூலை எண்ணின, ஊட்டச்சத்துக்காரங்க தட்டை எண்ணினாங்க.

இடையில் நம்மைக் காப்பாத்தினது புழுக்கல். பழைய மதராஸ் மாகாணத்தின் வடக்குக் கடலோர ஜில்லாக்களில், இன்றைய ஆந்திராவில், தீட்டிய பச்சரிசி தின்றவங்களுக்கு பெரிபெரி வந்தது. புழுங்கலரிசி தின்ற தமிழ் ஜில்லாக்களில் அது அபூர்வம். நெல்லை ஊறவெச்சு அவிக்கும்போது உமிக்குக் கீழே தவிட்டில் இருக்கிற பி1 சத்து மணிக்குள்ள இறங்கிடும். அப்புறம் தீட்டினாலும் பாதி நிக்கும். ஐ.ஆர். 20 நம்ம ஊரில் நிலைச்சதுக்கு, அது புழுக்கலுக்கு ஒத்துப்போனதும் ஒரு காரணம்.

சரி, நெல் இங்கேருந்து போச்சு. நம்மகிட்ட வந்தது என்ன? தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையிலிருந்து உருளைக்கிழங்கு. ஊட்டிக் கிழங்குக்கு 1961-ல் ஒரு ஆபத்து தெரிஞ்சது. நீலகிரியில் வேரைத் தின்னும் நூற்புழுவைக் கண்டுபிடிச்சாங்க. அந்தப் புழுவின் சொந்த ஊரும் ஆண்டிஸ்தான். அதைத் தாங்கும் குணத்தையும் அங்கேயே, அந்த மலையின் காட்டுக் கிழங்குகளில் தேடினாங்க. நீலகிரிக்கென்று 1980-களில் வந்த குஃப்ரி ஸ்வர்ணா அப்படி உருவான ரகம். நோய் பிறந்த ஊரில்தான் மருந்தும் இருக்கும் என்பது பயிர் ஆராய்ச்சிக்காரங்க கணக்கு. அதனாலதான் 1971-ல் பெரு நாட்டின் லிமாவில் சர்வதேச உருளைக்கிழங்கு மையத்தைத் தொடங்கி, ஆண்டிஸ் உழவர்களின் கிழங்கு ரகங்களை ஆயிரக்கணக்கில் சேகரிச்சாங்க.

திரூர் கதையும் இதுவும் இதுவரை ஒண்ணுதான். இனிமேல்தான் வித்தியாசம். பெருவில் பிசாக் பக்கத்தில் கெச்சுவா மொழி பேசும் ஆறு ஊர்க்காரங்க சேர்ந்து 'உருளைக்கிழங்குப் பூங்கா' ஒன்றை அமைச்சாங்க. 2004-ல் லிமா மையத்தோடு எழுத்தில் ஒப்பந்தம் போட்டாங்க. எங்க பாட்டன் உங்ககிட்ட கொடுத்த கிழங்கை எங்களுக்குத் திருப்பிக் கொடுங்க என்று. நோய் நீக்கிச் சுத்தம் பண்ணின நானூறு ரகங்களுக்கு மேல் திரும்பி வந்து அந்த மலைச்சரிவில் முளைச்சது. தானம் கேட்கல. கொடுத்ததைக் கேட்டாங்க.

நம்மகிட்ட அப்படி ஒரு ஒப்பந்தம் இல்ல. ஆட்கள் இருந்தாங்க. 2006-லிருந்து திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில், வந்தவங்களுக்கு இரண்டு கிலோ விதை கொடுத்து, அடுத்த வருஷம் நாலு கிலோவாத் திருப்பிக் கேட்டார். 174 ரகங்களை மீட்டார். 2018 டிசம்பரில் இறந்துபோனார். சட்டமும் இருக்கு: 2001-ல் வந்த பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டப்படி, விதையைச் சேமிக்கவும் பரிமாறவும் பிராண்டு போடாம விற்கவும் உழவனுக்கு உரிமை உண்டு. ஒரு ரகத்தை உருவாக்க உழவர் விதை உதவினா அதற்கு ஈடு கொடுக்க நிதியும் உண்டு. ஆனா கோனாமணியைப் பாதுகாத்து வெச்சிருந்த உழவர் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கு? பார்னெலின் பதவிப் பெயர் இருக்கு, திரூர்க்குப்பத்தின் எழுத்து இருக்கு, லாஸ் பான்யோஸின் எழுத்து இருக்கு. கோனாமணிக்காரன் யாருன்னு இல்ல.

இப்போ டி.கே.எம். 6-ஐப் பயிராப் பார்க்கணும்னா எங்க பக்கம் வயலில் கிடைக்காது. மரபணு வங்கியில்தான் கேட்கணும். நிலையம் இன்னும் வேலை செய்யுது. சிவப்பு அரிசி டி.கே.எம். 9, சன்ன அரிசி டி.கே.எம். 13 என்று புதுசு வந்துக்கிட்டேதான் இருக்கு. சுத்தி பிளாட் கல் நட்டுக்கிட்டே வர்றாங்க. என் நிலத்தில் இந்தச் சம்பாவுக்கு டி.கே.எம். 13, ஓரத்தில் அஞ்சு சென்டில் கிச்சிலி சம்பா. இரண்டுக்கும் ஒரே தண்ணி, ஒரே எரு. கிச்சிலி கொஞ்சம் உயரம், கார்த்திகைக் காத்துக்குச் சாயுது. கயிறு கட்டி நிறுத்தியிருக்கேன். அறுத்ததும் விதை வேணும்னா சொல்லுங்க, இரண்டு கிலோ தர்றேன். திருப்பி நாலு கிலோ.