ஜப்பானிய வாள் (நிஹொன்தோ)

இரும்பு மணலை மரக்கரித் தீயில் உருக்கி எடுத்த எஃகைக் கையால் மடித்து மடித்து அடித்து, களிமண் பூசி, தண்ணீரில் தோய்ச்சல் கொடுத்துச் செய்யப்படும் வளைந்த வாளே ஜப்பானிய வாள். அந்நாட்டார் இதை நிஹொன்தோ என்கிறார்கள். வெளியுலகில் ‘கத்தானா’ என்ற சொல் எல்லா ஜப்பானிய வாளுக்கும் பொதுப்பெயர் ஆகிவிட்டது; உண்மையில் கத்தானா இதன் ஒரு வகைதான். ஷாகு என்னும் ஜப்பானிய நீட்டலளவை (30.3 செ.மீ.) வைத்து வாள்களைப் பிரிக்கிறார்கள். அலகின் நீளம் இரண்டு ஷாகுக்கு மேல் இருந்தால் கத்தானா அல்லது தாச்சி. ஒன்றிலிருந்து இரண்டுக்குள் வாகிஸாஷி. ஒன்றுக்குக் கீழே டான்டோ. தாச்சி குதிரை வீரனின் வாள். வளைவு கூடுதல், கூர்ப்பக்கம் தரையைப் பார்க்க இடுப்பில் தொங்கும். கத்தானாவைக் கூர் மேலே பார்க்க இடைக்கச்சையில் செருகிக்கொள்வார்கள்; உருவிய வீச்சிலேயே வெட்டு விழுவதற்கு அது தோதாக இருந்தது.

1876-இல் பொது இடங்களில் வாள் தரிப்பதை ஜப்பானிய அரசு தடை செய்தது. சாமுராயின் இடுப்பிலிருந்து வாள் இறங்கினாலும் பட்டறை அடியோடு மூடிப்போகவில்லை. இன்று அங்கே ஒரு கொல்லர் வாள் அடித்தால், அது பெரும்பாலும் யாரோ ஒருவர் கையில் ஏந்திப் பார்க்கவும் பேணவும்தான். சேகரிப்பவர் விலை கொடுப்பது அலகுக்கு. பொன் இழைத்த கைக்காப்பு, திருக்கைமீன் தோல் சுற்றிய பிடி, அரக்குப் பூச்சு உறை ஆகியவற்றுக்குத் தனி மதிப்பு உண்டு என்றாலும் அவை உடுப்பு மாதிரி. காலத்துக்குக் காலம் மாறியிருக்கும். உடம்பு அலகுதான்.

மணலிலிருந்து எஃகு

வாளுக்கான எஃகின் பெயர் தமாஹகனே. ஷிமானே மாவட்டத்தின் ஒக்குயிசுமோ மலைப்பகுதியில், தத்தாரா எனப்படும் களிமண் உலையில் அது பிறக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அணைந்து கிடந்த தத்தாராவை 1977-இல் ஜப்பானிய கலை வாள் பாதுகாப்புச் சங்கம் மறுபடி ஏற்றியது. குளிர்காலத்தில் மட்டும் எரியும் உலை அது. மூன்று பகல் மூன்று இரவு, ஏறக்குறைய அரைமணிக்கு ஒரு தடவை, இரும்பு மணலும் மரக்கரியும் மாற்றி மாற்றிப் போடுவார்கள். முரகே என்ற தலைமை உலைக்காரர் தழலின் நிறத்தையும் உலையின் சத்தத்தையும் வைத்தே உள்ளே நடப்பதைக் கணிப்பார். சுமார் 10 டன் மணலும் 12 டன் கரியும் தின்றுவிட்டு அந்த உலை தருவது இரண்டரை டன் பாளம். அதிலும் முதல்தர தமாஹகனே ஒரு டன்னுக்கும் குறைவு. பாளத்தை வெளியே எடுக்க உலையையே இடித்தாக வேண்டும். அடுத்த தடவைக்குப் புது உலை.

நாட்டில் உள்ள கொல்லர்களுக்கு இந்த எஃகு பகிர்ந்து அனுப்பப்படுகிறது. கொல்லர் அதைத் தட்டையாக்கி, உடைத்து, முறிந்த முகத்தின் மினுக்கத்தைப் பார்த்துத் தரம் பிரிக்கிறார். தேர்ந்த துண்டுகளை அடுக்கி, வைக்கோல் சாம்பலும் சேற்றுக் குழம்பும் பூசி, பழுக்கக் காய்ச்சி ஒன்றாக ஒட்டுகிறார். பிறகு வெட்டி மடித்து அடிக்கிறார். ‘ஆயிரம் தடவை மடித்த வாள்’ என்று விளம்பரங்களில் வருவது தவறு. வழக்கம் பத்திலிருந்து பதினைந்து மடிப்பு. பதினைந்து மடிப்புக்கே 32,768 படலம் ஆகிவிடும். ஒவ்வொரு மடிப்பிலும் கரிமம் கொஞ்சம் எரிந்து குறைகிறது, எஃகும் தீப்பொறியாகச் சிதறித் தேய்கிறது. அளவு மீறி மடித்தால் வாளுக்கு வேண்டிய கடினமே போய்விடும். மடிப்பதன் நோக்கம் மாசை வெளியேற்றுவதும் கரிமத்தைச் சீராகப் பரப்புவதும். இப்படி மடித்துச் சீராக்கிய கடின எஃகைத் தோலாகவும், மென்மையான இரும்பை உள்ளீடாகவும் வைத்து இணைப்பது பரவலான முறை.

மடிப்பின் தடயம் அலகின் பரப்பில் மரத்தின் ரேகைபோல நிற்கும். அதற்கு ஹதா என்று பெயர். கஸ்ஸான் மரபுக் கொல்லர்களின் வாளில் அது அலையலையாக ஓடும். டமாஸ்கஸ் வாளின் நீரோட்டக் கோலத்தோடு இதைக் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. அந்த வாள்களுக்குப் போன எஃகு, தமிழகம் உள்ளிட்ட தென்னிந்தியப் பகுதிகளில் மண்மூசையில் உருக்கப்பட்டது. கோலம் அந்தக் கட்டி மெல்ல ஆறும்போது உள்ளுக்குள் விளைந்தது. ஜப்பானிய ரேகை சம்மட்டி போட்டது.

தோய்ச்சல்

வாளின் தலையெழுத்து ஒரே நொடியில் முடிவாகிற கட்டம் இது. களிமண், கரித்தூள், சாணைக்கல் தூள் கலந்த குழம்பை அலகின் மேல் பூசுகிறார் கொல்லர். முதுகுப் பக்கம் கனமாக, கூர்ப்பக்கம் மெல்லிசாக. இரண்டுக்கும் நடுவே அவர் விடும் எல்லைக்கோடுதான் பின்னால் வாளின் அழகாகப் போகிறது. பட்டறையை இருட்டாக்கிவிடுவார்கள், பழுத்த எஃகின் நிறத்தைக் கண்ணால் அளப்பதற்காக. 750 முதல் 800 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அலகு அந்தி வெயில் நிறத்துக்கு வரும். வந்ததும் தண்ணீர்த் தொட்டியில் முக்குகிறார்.

மெல்லிய பூச்சுள்ள கூர் சட்டென்று குளிர்ந்து மார்ட்டென்சைட் என்னும் மிகக் கடினமான நிலையை அடைகிறது. கனத்த பூச்சுக்குள் இருக்கும் முதுகு நிதானமாகக் குளிர்ந்து வளையும் தன்மையோடு நிற்கிறது. முதலில் கூர்ப்பக்கம் சுருங்குவதால் அலகு கீழ்நோக்கிக் கவிழும். கூர் மார்ட்டென்சைட்டாக மாறிப் புடைக்க, முதுகு பின்னால் சுருங்க, அலகு மேல்நோக்கி வளைகிறது. கடைசி வளைவு தண்ணீருக்குள் விழுவது; அது எவ்வளவு வரும் என்று கணித்து அதற்கேற்பத்தான் கொல்லர் முன்னமே அடித்து வைத்திருப்பார். கூரில் மெல்லிசாக ஒரு விரிசல் விழுந்தால்கூட மாதக்கணக்கான உழைப்பு வீண்.

கடினமும் மென்மையும் சந்திக்கும் கோட்டுக்கு ஹமோன் என்று பெயர். நேர்கோடாக இருக்கலாம், அலையாக இருக்கலாம், கிராம்பு மொக்கு வரிசையாக இருக்கலாம். உற்றுப் பார்த்தால் அந்தக் கோடு பொடிப்பொடியாகப் பிரியும். தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரிந்தால் நியே, உப்பைத் தூவியது போல. பிரிக்க முடியாத வெண்மூட்டமாக இருந்தால் நியோய். சாகாமி நாட்டு மரபு நியேவுக்குப் பெயர் போனது. பிஸென் மரபு நியோய்க்கு. இந்த இரண்டுடன் யமாஷிரோ, யமாதோ, மீனோ சேர்ந்து ஐந்து மரபுகள். மாசாமுனே என்ற பெயரைப் பலர் கேட்டிருப்பார்கள். கமாக்குரா காலத்தின் இறுதியில் சாகாமியில் வாழ்ந்த கொல்லர் அவர்.

கொல்லர் முடித்ததும் வேலை முடியவில்லை. தீட்டுபவர் தனிக் கலைஞர். முரட்டுக் கல்லில் தொடங்கி, கல்லுக்குக் கல் மாற்றி, கடைசியில் கட்டைவிரல் நுனியில் ஒட்டிய சில்லுக்கல்லால் அங்குலம் அங்குலமாகத் தேய்க்கிறார். ஒரு நீண்ட வாளுக்கு வாரக்கணக்கில் பிடிக்கும். ஹதாவும் ஹமோனும் கண்ணுக்கு வருவது இவர் கையால்தான். அவரைப் பற்றி இரண்டு வரியோடு பலர் நிறுத்திக்கொள்வது நியாயமில்லை. சாணைக்காரர் கூர் ஏற்றுவது போல இயந்திரச் சக்கரத்தில் ஒரு பழைய வாளைக் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் அதன் கோணங்கள் செத்துவிடும். நல்ல கையே தீட்டினாலும் ஒவ்வொரு தடவையும் எஃகு குறைகிறது. அதிகம் தீட்டப்பட்ட வாளில் தோல் தேய்ந்து உள்ளிரும்பு வெளியே தெரியும். ‘களைத்த வாள்’ என்பார்கள்.

காம்பு

பிடியை மூங்கில் ஆணி ஒன்றுதான் பிடித்து நிறுத்துகிறது. அதைத் தட்டி எடுத்துப் பிடியைக் கழற்றினால், உள்ளே தீட்டப்படாத காம்பு தெரியும். கொல்லரின் பெயர், ஊர், சில வாள்களில் செய்த ஆண்டு எல்லாம் அங்கேதான் உளியால் வெட்டப்பட்டிருக்கும். ஜப்பானை ஆண்ட படைத்தலைவர் (ஷோகுன்) தொக்குகாவா இயேயாசுவுக்கு வாள் அடித்த எச்சிஸென் யாசுத்சுகு, போர்த்துக்கீசர், டச்சுக்காரர் கப்பல்களில் வந்த அயல்நாட்டு இரும்பைச் சேர்த்ததைக்கூடக் காம்பிலேயே பொறித்து வைத்தார். பெயர் இருப்பதாலேயே நம்பிவிட முடியாது. புகழ்பெற்ற கொல்லர்களின் பெயரைப் பிற்காலத்தில் வெட்டுவது பழைய தந்திரம். மாசாமுனே மிக அரிதாகவே பெயர் பொறித்தார். அவர் பெயரோடு கண்ணில் படும் வாள்களை முதலில் சந்தேகிப்பதே முறை. நீளத்தைக் குறைக்கக் காம்புப் பக்கம் வெட்டப்பட்டுப் பெயர் இழந்த பெருவாள்களும் ஏராளம். பெயரில்லாத நல்ல வாள், பொய்ப்பெயர் சுமந்த வாளைவிட எவ்வளவோ மேல்.

பெயர் இல்லாதபோதும் அதை நம்ப முடியாதபோதும் எஃகே சாட்சி. முரோமாச்சி காலம் தொட்டு ஹொன்அமி குடும்பத்தார் தீட்டுவதும் மதிப்பிடுவதும் தொழிலாகக் கொண்டு, மடித்த தாளில் சான்று எழுதித் தந்தார்கள். 1719-இல் ஷோகுன் யோஷிமுனேயின் ஆணைப்படி புகழ்பெற்ற வாள்களின் பட்டியல் ஒன்றையும் அவர்கள் தொகுத்தார்கள். இன்று அந்த இடத்தில் 1948-இல் தொடங்கப்பட்ட மேற்சொன்ன பாதுகாப்புச் சங்கம் இருக்கிறது. அதன் சான்று நான்கு படி: ஹொஸொன், தொக்குபெத்சு ஹொஸொன், ஜூயோ, தொக்குபெத்சு ஜூயோ. தோக்கியோவின் ரியோகோக்குப் பகுதியில் 2018 முதல் அதன் வாள் அருங்காட்சியகம் இயங்குகிறது.

கைமாறிய வரலாறு

1945-இல் ஜப்பான் போரில் தோற்ற பின் ஆயுதங்களை ஒப்படைக்க ஆணை வந்தது. லட்சக்கணக்கான வாள்கள் குவிந்தன. பல உருக்கப்பட்டன, பல கடலில் போயின, பல அமெரிக்கப் படைவீரர்களின் பைகளில் ஊர் போய்ச் சேர்ந்தன. மாசாமுனே செய்ததாகப் பெயர்பெற்ற ‘ஹொன்ஜோ மாசாமுனே’ என்னும் வாள் 1939-இலேயே தேசியச் செல்வமாக அறிவிக்கப்பட்டது. அதை ஷோகுன் குடும்பத்தைச் சேர்ந்த தொக்குகாவா இயேமாசா மெஜிரோ காவல் நிலையத்தில் ஒப்படைத்தார். 1946 ஜனவரியில் அங்கிருந்து ஓர் அமெரிக்கச் சார்ஜென்ட் கையில் போனதாகப் பதிவு. அதற்கப்புறம் அந்த வாளை யாரும் பார்க்கவில்லை.

திரும்பி வந்த கதையும் உண்டு. அமெரிக்கச் சேகரிப்பாளர் வால்டர் காம்ப்டன், அட்லாண்டாவில் ஒரு கடையில் வாங்கிய தாச்சி ஒன்று காகோஷிமாவின் தெருகுனி ஆலயத்திலிருந்து போன, குனிமுனே என்ற கொல்லரின் வாள் என்று கண்டுகொண்டார். அது தேசியச் செல்வம். 1963-இல் காசு வாங்காமல் ஆலயத்துக்கே திருப்பிக் கொடுத்தார். சேகரிப்பவர் என்ற சொல்லுக்கு அவரைக் காட்டலாம்.

அண்மைக் காலத்தில் பேசப்பட்டது யமாதொரிகே. போர்த்தலைவர் உயெசுகி கென்ஷின் வைத்திருந்த இந்த வாள் 13-ஆம் நூற்றாண்டு பிஸென் மரபைச் சேர்ந்தது. பிஸென் கொல்லர்களின் ஊரான ஒசாஃபுனே இன்று செத்தோஉச்சி நகராட்சிக்குள் இருக்கிறது. அந்தச் சிறு நகராட்சி மக்களிடம் நன்கொடை திரட்டி, 2020-இல் 50 கோடி யென் கொடுத்து வாளைத் தன் ஊருக்கு வாங்கிவந்தது.

சட்டமும் சந்தையும்

ஜப்பானில் வாள் வைத்திருக்க ஆளுக்கு உரிமம் வேண்டாம். வாளுக்குப் பதிவுச்சீட்டு வேண்டும். மாவட்டக் கல்வி வாரியம் அதை வழங்குகிறது. கைமாறினால் 20 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். மரபு முறையில் செய்த வாளுக்குத்தான் பதிவு. போர்க்காலத் தொழிற்சாலை வாளுக்குக் கிடையாது. வாள் அடிக்க விரும்புபவர், உரிமம் பெற்ற கொல்லரிடம் குறைந்தது ஐந்தாண்டு கற்று, கலாச்சார முகமையின் எட்டு நாள் பயிற்சித் தேர்வில் தேற வேண்டும். அதற்கப்புறமும் மாதத்துக்கு நீண்ட வாள் இரண்டு அல்லது குறுவாள் மூன்றுக்கு மேல் செய்யக் கூடாது. வாளை வெளிநாடு கொண்டுபோக அதே முகமையின் அனுமதி தேவை. பதிவுச்சீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தேசியச் செல்வமாகவோ முக்கியப் பண்பாட்டுச் சொத்தாகவோ அறிவிக்கப்பட்டவை நாட்டை விட்டு வெளியேற முடியாது.

‘கையால் செய்த ஜப்பானிய வாள், சேகரிப்பவர்களுக்கு’ என்று இணையத்தில் மலிவாக விற்பவற்றில் பெரும்பங்கு சீனாவின் ஜெஜியாங் மாநிலத்து லோங்சுவானில் தயாராகிறது. ஆலை எஃகில் அடித்து, பலவற்றில் அமிலத்தால் ஹமோன் போன்ற கோட்டை வரைந்திருப்பார்கள். வெட்டுப் பயிற்சிக்கு அவை உதவும். அந்தத் தொழிலாளர்களின் திறமையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது நிஹொன்தோ ஆகாது. ஒளிக்கு எதிரே சாய்த்துப் பார்த்தால் பொய்க்கோடு தட்டையாகக் கிடக்கும். நியே பொடி தெரியாது.

பார்ப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. வாளுக்குத் தலைவணங்கி, கூர் மேலே இருக்கும்படி பிடித்து, முதுகு மட்டும் உறையில் உரசும்படி உருவ வேண்டும். உருவிய வாளின் மேல் குனிந்து பேசக் கூடாது. எச்சில் தெறித்தால் துரு பிடிக்கும். அலகை விரலால் தொடவும் கூடாது. குழல்விளக்கு உதவாது, தனிக் குண்டுபல்பை நோக்கி அலகை நீட்டினால் வெளிச்சம் ஓடும் இடத்தில் ஹமோன் எழும்பி வரும். வீட்டில் வைத்திருக்க ஹோ என்னும் மரத்தில் வெறும் உறை செய்வார்கள். அதன் இரு பாதியும் சோற்றுப் பசையால்தான் ஒட்டப்பட்டிருக்கும். உள்ளே அழுக்குச் சேர்ந்தால் பிளந்து துடைத்து மறுபடி ஒட்டலாம். சில மாதங்களுக்கு ஒரு தடவை பழைய எண்ணெயைத் தாளால் துடைத்து, கிராம்பு எண்ணெய் மெல்லிசாகப் பூசினால் போதும்.

காம்பை மட்டும் விட்டுவிடுங்கள். அந்தக் கறுத்த துருவின் நிறமும் அடர்த்தியும் வாளின் வயதுக்கு ஆதாரம். உப்புத்தாள், துருநீக்கி எதுவும் அதன் பக்கம் போகக் கூடாது. ஒரு தடவை தேய்த்து எடுத்த துருவை எந்தக் கைத்திறனும் திரும்ப வைக்க முடியாது.